இல்லாத காய்ச்சல்

கதை சொல்கிறவரே கதையின் முக்கியப் பாத்திரமாகவும் இருந்தாக வேண்டுமா? கல்லூரிக் கூட்டங்களுக்குப் போனால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து, நோட்டைப் பார்த்துப் படிப்பாள். நானும் கைவசம் வைத்திருக்கும் பதிலை எடுத்துவிடுவேன். "வேண்டியதே இல்லை. கல்யாண வீட்டில் நடப்பதெல்லாம் மணப்பெண்ணுக்கா தெரியும்? பந்தி பரிமாறுகிறவரைக் கேளுங்கள், சொல்வார். சொல்கிறவர் ஓரமாக நின்றால் போதும்." சிரிப்பார்கள், கை தட்டுவார்கள். பல வருடம் இதை வைத்தே காலம் தள்ளினேன். இப்போது அந்தப் பதிலைச் சொல்வதில்லை. ஏன் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

1991இல் எனக்கு இருபத்திரண்டு வயது. பி.ஏ. முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்து, ஸ்ரீபெரும்புதூருக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சின்னத் தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். அப்போது சாலையின் இரண்டு பக்கமும் வயலும் வேலிக்காத்தான் புதரும்தான். நடுவில் எங்கள் தகர ஷெட். உள்ளே பன்னிரண்டு பிரஸ் மிஷின்கள். தகட்டை உள்ளே வைத்து பட்டனை அமுக்கினால் மேலிருந்து இரும்புப் பாளம் இறங்கி, வண்டிகளுக்கு வேண்டிய சின்னச் சின்னப் பாகங்களாக வெட்டித் தள்ளும். வருகிறவர்களின் கார்டில் நேரம் குறிப்பது, லீவு லெட்டர் எழுதுவது, யாருக்கு என்ன எழுத வேண்டுமோ அதை எழுதிக் கொடுப்பது என் வேலை. மீதி நேரத்தில் திருட்டுத்தனமாகக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். எல்லாப் பத்திரிகைகளும் போன வேகத்தில் திருப்பி அனுப்பின.

அந்த வருடம் மே மாதம் எங்கள் ஊரான ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது நாட்டுக்கே தெரியும். அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்குப் பிறகு ஊரில் யாரைப் பார்த்தாலும் சாட்சியாகிவிட்டார்கள். கூட்டத்தின் பக்கமே போகாதவர்கள்கூட "நான் அங்கதான் நின்னுகினு இருந்தேன்" என்று தொடங்கினார்கள். ஒரு டீக்கடைக்காரர் வாரத்துக்கு ஒரு தடவை நின்ற இடத்தை மாற்றினார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அத்தனை பேர் செத்துக் கிடந்த இடத்தில் இவருக்கு எதற்கு நடுவில் ஒரு நாற்காலி? நான் எழுதினால் ஓரமாக நின்றுதான் எழுதுவேன் என்று அப்போதே தீர்மானம் செய்துகொண்டேன். எவ்வளவு பெரிய யோக்கியசாலி பாருங்கள்.

ஆறாம் நம்பர் மிஷினில் ஒரு அக்கா இருந்தார். முப்பது வயது இருக்கும். புருஷன் லாரியில் போனவர், திரும்பி வரவில்லை. மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரே பெண். நான் கதை எழுதுவது ஷெட்டில் அவருக்கு மட்டும்தான் தெரியும். காலையில் கார்டை நீட்டும்போதே வம்புக்கு இழுப்பார்.

"இன்னா தங்கச்சி, இன்னிக்கி கதையில யாரச் சாவடிக்கப் போற?"

"உங்களைத்தான் அக்கா."

"சாவடி, சாவடி. ஆனா நல்லா அழுவுற மாதிரி எழுது."

அந்த மிஷின்களில் இரண்டு பட்டன்கள் உண்டு, இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேல்பாளம் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது உள்ளே மாட்ட விரல் இருக்காதே, அதுதான் அந்த ஏற்பாட்டின் நோக்கம். ஆனால் இரண்டு கையும் பட்டனில் இருந்தால் உற்பத்தி ஏறாது. அதனால் சூப்பர்வைசர் காலையில் ஒரு சுற்று வருவார். ஒவ்வொரு மிஷினிலும் ஒரு பட்டனை அமுக்கி, அது மேலே எழும்பாதபடி இடுக்கில் ஒரு தீக்குச்சியைச் செருகிவிட்டுப் போவார். பிறகு ஒரு கையால் பட்டன், ஒரு கையால் தகடு. எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மேலிடத்திலிருந்து யாராவது பார்க்க வந்தால் குச்சிகள் மறைந்துவிடும், அவர்கள் கார் ஏறியதும் திரும்பி வரும்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், பதினோரு மணி டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஆறாம் நம்பரின் சத்தம் மட்டும் நின்றது. மிஷின்களின் சத்தம் எங்களுக்குப் பழகிப்போனது, ஒன்று நின்றால்தான் தலையைத் தூக்குவோம். நான் ஓடிப் போனபோது அக்கா நின்றுகொண்டுதான் இருந்தார். வலது கையை இடது கையால் பிடித்திருந்தார். கத்தவில்லை, அழவில்லை. என்னைப் பார்த்து மிகச் சாதாரணமாகச் சொன்னார்.

"வளையலக் கழட்டு தங்கச்சி. வீங்கிடுச்சின்னா வராது."

கழற்றினேன். அதன் பிறகுதான் கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அங்கே இல்லை. என் கையிலிருந்த வளையல் வழுக்கிக்கொண்டே இருந்தது, ஏன் என்று புரிய வெகுநேரம் ஆயிற்று. இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் விரல் நுனி ஈரமாகிறது.

மூன்றாம் நாள் என்னைக் காஞ்சிபுரத்துக்கு, அவர் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஸ்டேட்மென்ட் வாங்க வேண்டும். விபத்து எப்படி நடந்தது என்று அடிபட்டவரே சொல்வதாக ஒரு முழுத்தாள். எழுதுவது கிளார்க், ஆனால் 'நான்' என்றுதான் தொடங்க வேண்டும். கீழே அடிபட்டவரின் கையெழுத்து, முடியாதவர்களுக்குக் கைரேகை. இதில் எங்கள் டைம் ஆபீசுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுத முடியாதென்று, வெள்ளைத்தாளின் அடியில் ரேகையை முதலில் வாங்கிக்கொள்வோம். ஆபீசுக்கு வந்து நிதானமாக, அழகான கையெழுத்தில் மேலே எழுதுவோம். யாரும் இதைத் தப்பாக நினைத்ததில்லை. நானும்தான்.

அக்காவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். போடும் கைதான் கட்டுக்குள் இருந்தது. இடது கட்டைவிரலை நீட்டினார்.

"தங்கச்சி, அந்தக் குச்சிய எழுதிடு. காலையில அந்தாளுதான் சொருகினு போனான். மத்தது நீ பாத்து எழுது, உனக்குத் தெரியாததா? எனக்கு வேற ஒண்ணும் வாணாம். வேல போவக்கூடாது. பேக்கிங்ல போடச் சொல்லு, இந்த ஒரு கையி போதும் எனக்கு. பொண்ணப் படிக்க வெக்கணும்."

அவ்வளவுதான் அவர் கேட்டது. வேலை போகக் கூடாது.

ஆபீசில் சூப்பர்வைசர் என் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றார். "மிஷின் சமாச்சாரம் இதுல வேணாம்மா. மெயின்டனன்ஸ்ல தனியா ரிப்போர்ட் போடுவாங்க. நீ அவங்க பக்கத்த மட்டும் எழுது" என்றார். நம்பினேனா, நம்புவது சௌகரியமாக இருந்ததா? இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. குச்சியை விட்டுவிட்டு எழுதினால் நாலு வரியில் விபத்து முடிந்துவிட்டது. கீழே ரேகை வரை பாதித் தாள் காலியாகக் கிடந்தது. ரேகைக்கு மேலே இடம் விடக் கூடாது, பிற்பாடு யாராவது எதையாவது நுழைத்துவிடுவார்கள் என்பது எங்கள் ஆபீஸ் சட்டம். அதனால் நானே நுழைத்தேன்.

'அன்று காலை என் மகளுக்குக் கடுமையான காய்ச்சல். போர்வையைப் போர்த்திப் படுக்கவைத்து, நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு வேலைக்கு வந்தேன். என் கை மிஷினில் இருந்தது, மனம் மகளிடம் இருந்தது.'

இந்த வரிகளை எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது. இதைப் படித்த பிறகு எந்த மேனேஜர் அக்காவை வெளியே அனுப்புவார்? அவர் கேட்ட மாதிரியே, நன்றாக அழுகிற மாதிரி எழுதியிருந்தேன். அதுவரை நான் எழுதியதிலேயே அதுதான் உருப்படியான பக்கம் என்றுகூட நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து மேனேஜர் அறையில் விசாரணை நடந்தது. விசாரிப்பதற்குக் கம்பெனி வெளியூரிலிருந்து ஒரு வக்கீலை வரவழைத்திருந்தது. கேள்வியையும் பதிலையும் எழுதிக்கொள்ள என்னை ஓரத்தில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். அக்கா நல்ல புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். என் பக்கத்து ஆள் ஒருத்தி உள்ளே இருக்கிறாள் என்ற தைரியம் அந்தச் சிரிப்பில் இருந்தது.

வக்கீல் ஸ்டேட்மென்டை எடுத்து வாய்விட்டுப் படித்தார். ஈரத்துணி வந்தது, 'மனம் மகளிடம் இருந்தது' வந்தது. என் வரிகளை முதன்முதலாக வேறொருவர் குரலில் கேட்டேன். ஒரு கணம் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மனசு வேலையில இல்லன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அப்புறம் கம்பெனி மேல என்ன தப்பு இருக்கு?"

அழவைப்பதற்காக நான் வைத்த வரி அது. அதைத் தூக்கி அவர் அக்காவின் கழுத்தில் மாட்டிவிட்டார். இப்படி ஒரு அர்த்தம் அதற்குள் இருந்தது எனக்குத் தெரியவே இல்லை. எழுதத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்குத் தான் எழுதியதைப் படிக்கத் தெரியவில்லை.

அக்கா முதலில் திகைத்தார். "எம் பொண்ணுக்கு ஜொரமா? எப்ப? யாரு சார் சொன்னது? அன்னிக்கி நல்லா இஸ்கூலுக்குப் போயிகினு இருந்தா சார் அது. நா சொன்னது குச்சி. பட்டன்ல குச்சி சொருகி வெச்சிருந்தாங்கோ. அது எங்க? அதப் படிங்க!"

"அப்படி எதுவும் இதுல இல்லையேம்மா. கீழ உங்க ரேகை இருக்கு."

அக்கா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை. "நீயாவது சொல்லேன்" என்ற பார்வை. வக்கீலும் திரும்பினார். சுவரில் சாய்ந்து நின்ற சூப்பர்வைசர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"நீங்கதானே எழுதினது? இவங்க சொன்னதத்தான் எழுதினீங்களா?" என்று வக்கீல் கேட்டார்.

வீட்டில் என் சம்பளத்தை நம்பி நாலு பேர் இருந்தார்கள், வெள்ளைத்தாளில் ரேகை வாங்கியது வெளியே வந்தால் போலீஸ் வருமோ என்று பயந்தேன், வயது இருபத்திரண்டு. எல்லாம் உண்மைதான். எதுவும் சமாதானமில்லை.

"ஆமா சார்" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. வேறு யாரோ சொன்னது போலத் திடுக்கிட்டு நான் அக்காவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதிக்கொள்கிற வேலையும் என்னுடையதுதானே? பேனாவை எடுத்து, கேள்வியை எழுதி, அதன் கீழே எழுதினேன்: 'எழுத்தர்: ஆமாம்.'

அந்த வாரமே அக்காவை அனுப்பிவிட்டார்கள். பேக்கிங்கும் கிடையாது, ஒன்றும் கிடையாது. கார்டு ஸ்டாண்டிலிருந்து அவருடைய கார்டை எடுக்கச் சொன்னதும் என்னைத்தான். அவர் வீடு நான் இறங்கும் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடக்கிற தூரம். ஒரு தடவைகூடப் போகவில்லை. அடுத்த தையில் கல்யாணமாகி ஊரைவிட்டே போனேன்.

பல வருடம் கழித்து இதைக் கதையாக எழுதினேன். என்னை எழுத்தாளர் என்று நாலு பேர் சொல்ல ஆரம்பித்தது அந்தக் கதைக்குப் பிறகுதான். விரல் போன ஒரு பெண், கல்நெஞ்சக்காரக் கம்பெனி, விசாரணை அறை எல்லாம் அதில் உண்டு. நடந்ததை ஒரு கிளார்க் பெண் சொல்கிறாள். ஓரமாக நின்று, பெருமூச்சு விட்டு, அழகாகச் சொல்கிறாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதனால் அவள் "ஆமா சார்" சொல்ல வேண்டி வருவதுமில்லை. காய்ச்சலையும் ஈரத்துணியையும் மட்டும் விட மனம் வரவில்லை. நன்றாக இருந்தன, வைத்துக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு கல்லூரிக்குப் பேசக் கூப்பிட்டார்கள். வழக்கமான கேள்வி வந்தது, பந்தி பரிமாறுகிறவரை வைத்து வழக்கமான பதிலைச் சொன்னேன், கை தட்டினார்கள். கூட்டம் முடிந்து படியில் இறங்கும்போது ஒரு பெண் ஓடி வந்தாள். முப்பதைத் தாண்டியவள். கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு, காலில் கருப்பு ஷூ, நேராக ஷிப்ட் முடிந்து வந்திருக்கிறாள்.

"மேடம், கேன்டீன்ல ஒரு புக்ல உங்க கத படிச்சேன். இங்க வர்றீங்கன்னு போஸ்டர் பாத்துட்டு வந்தேன். அதுல ஜொரம் வந்துச்சே ஒரு பொண்ணு, அது நாந்தான் மேடம்."

படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அக்காவின் மூக்கு, அக்காவின் பல்வரிசை. எப்படிப் பார்த்தவுடனே அடையாளம் தெரியாமல் போனது?

"உங்கம்மா..." என்று இழுத்தேன்.

"நல்லாத்தான் கீறாங்க. சுங்குவார்சத்திரத்துல இட்லிக் கட வெச்சிகினு கீறாங்க. அந்த மூணு வெரல்லயே சட்னி அரச்சி என்னப் படிக்க வெச்சாங்க. நா இப்ப லைன் லீடர்." ஒரு நொடி அம்மாவைப் போலவே சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மேடம். அன்னிக்கி எனக்கு நெஜமாவே ஜொரமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"கம்பெனிலேர்ந்து யாரோ வந்து தெருவுல சொல்லிட்டாங்க. 'பொண்ணு ஜொரத்த நெனச்சிகினே கைய வுட்டுட்டா'ன்னு. இஸ்கூல்ல பசங்க, உங்கம்மா வெரலு உன்னாலதான் போச்சுன்னு சொல்லும். அம்மாவக் கேட்டா, ஜொரமும் இல்ல ஒண்ணும் இல்ல, எழுதினவ பொய்யி எழுதிட்டான்னு சொல்வாங்க. எம் மனசு நோவக் கூடாதுன்னு சொல்றாங்கன்னு நெனச்சிகினேன். ஏன்னா எனக்கே நல்லா ஞாபகம் கீது மேடம். ஒடம்பு கொதிச்சது, போர்வையப் போத்திகினு படுத்திருந்தது, அம்மா நெத்தியில ஈரத்துணியப் போட்டுட்டு வேலைக்கிப் போனது. எல்லாம் கண்ணு முன்னாடி கீது. உங்க கதையிலயும் அதே ஈரத்துணி வருது. நீங்க அங்க வேல செஞ்சவங்கன்னு அந்த புக்லயே போட்டிருந்துச்சு. அப்ப அது நெஜம்தானே?"

நான் இரண்டு படி கீழே இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த ஈரத்துணியை நான் ஒரு மத்தியான வேளையில், பாதித் தாளை நிரப்புவதற்காக இட்டுக்கட்டினேன். அது ஒரு எட்டு வயதுக் குழந்தையின் நெற்றியில் போய் உட்கார்ந்து, அவளுடைய சொந்த ஞாபகமாகவே ஆகிவிட்டிருந்தது. வேலையைப் பறித்தேன் என்றுதான் இத்தனை வருடம் என் கணக்கு. இதை நான் கனவிலும் நினைக்கவில்லை.

"உனக்குக் காய்ச்சல் இல்லம்மா" என்றேன். "போர்வையும் இல்ல, துணியும் இல்ல. நீ அன்னைக்கு ஸ்கூலுக்குப் போயிருந்த. அத எழுதினது நான். உங்கம்மா என்கிட்ட அப்படிச் சொல்லவே இல்ல. மிஷின்ல ஒரு பட்டனுக்குத் தீக்குச்சி சொருகியிருந்தாங்க, அதனாலதான் விரல் போச்சு. அத எழுதுன்னு உங்கம்மா சொன்னாங்க. நான் எழுதல. விசாரணையில கேட்டாங்க, அவங்க சொன்னதத்தான் எழுதினேன்னு பொய் சொன்னேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன், இல்லை அடிப்பாள் என்று. இரண்டும் செய்யவில்லை. கையை மெதுவாகத் தூக்கித் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இத்தினி வருஷம் அம்மா சொன்னத நம்பல மேடம்" என்றாள். "நீங்க எழுதினத நம்பினேன்."

ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. கல்லூரிப் பிள்ளைகள் எங்களைத் தாண்டி இறங்கிப் போனார்கள். அவள் பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். பின்பக்கம் அவள் லைனின் ஷிப்ட் ரிப்போர்ட் அச்சாகியிருந்தது.

"இப்ப சொன்னத எழுதிக் குடுங்க. அம்மாகிட்ட நானே படிச்சிக் காட்றேன்."

முழங்காலில் வைத்து எழுதினேன். 'நான்' என்று தொடங்கினேன். அக்காவுக்காக அந்தச் சொல்லை அவ்வளவு சரளமாக எழுதியவள், எனக்காக எழுதும்போது அதற்கு மேல் நகர முடியவில்லை. படபடப்பில், எழுதி முடித்தது போலவே பேனா தாளின் அடிக்குப் போய்விட்டது. கையெழுத்துப் போடப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தாள்.

"மொதல்ல எழுதி முடிங்க மேடம். எழுதாத பேப்பர்ல கை வெக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிக்கீறாங்க."

முழுவதும் எழுதினேன். ஒவ்வொரு வரியையும் அவள் நின்று படித்தாள். பிறகுதான் கையை விட்டாள், கையெழுத்துப் போட்டேன்.